வள்ளம் வரைகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஃபைபர் வள்ளங்களைக் கணினியில் வரைவது, கொட்டகையில் கட்டுவது பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். படகு வடிவமைப்பாளர்களும் கொட்டகை மேற்பார்வையாளர்களும் சேர்ந்து எழுதியவை இவை.

அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். எனக்குக் கணினியில் படகு வரையும் வேலை பிடித்திருக்கிறது. என்ன படிக்க வேண்டும்? நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டுமா?
– பிளஸ் டூ மாணவி, குளச்சல்

கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்திருந்தால் வழி திறந்தே இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கப்பல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. அங்கே சேர அந்தப் பல்கலைக்கழகமே நுழைவுத்தேர்வு நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் இதே துறையில் பி.டெக். உண்டு, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகச் சேரலாம். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்திலும் படிக்கலாம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு வரைவாளராக நுழைந்து, பிறகு வடிவமைப்பாளராக வளர்ந்தவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அந்த வழியில் வருகிறவர்கள் மிதப்பியல் கணக்கை (வள்ளம் எவ்வளவு தாழும், எப்படிச் சாயும் என்ற கணக்கை) தனியாக உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

வேலையில் ஏறக்குறைய பாதிதான் கணினியில். ஓடிக்கொண்டிருக்கிற வள்ளத்தைக் கரையில் வைத்து டேப்பும் தூக்குக்குண்டும் கொண்டு அளப்பது, என்ஜினையும் வலையையும் ஐஸ் பெட்டியையும் எடைபோடுவது, மோல்டு (அச்சு) வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பது, கடலில் இறக்கிய பிறகு மிதப்புக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எல்லாம் மீதிப் பாதி. வலை எந்தப் பக்கமாக இழுக்கிறார்கள், அணியத்தில் (முன்முனையில்) யார் நிற்கிறார், அலையடிக்கிற கரையில் எப்படி ஏற்றுகிறார்கள் என்பது உங்கள் வீட்டில் தினமும் பேசுகிற விஷயம். வெளியூரிலிருந்து படித்துவிட்டு வருகிறவர் அதைக் கற்கப் பல வருடம் ஆகும். அப்பாவின் வள்ளத்தை இப்போதே அளக்கத் தொடங்குங்கள். நீளம், ஒவ்வொரு ஒரு மீட்டருக்கும் அகலம், ஆழம், முழுச் சுமையோடு தண்ணீரில் எவ்வளவு தாழ்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எனக்கு ஆட்டோகேட் நன்றாகத் தெரியும். 30 அடி ஃபைபர் வள்ளம் ஒன்றை முழுதாக வரைய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வரைவாளர், இனயம்

எடைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், வடிவத்துக்குப் பிறகு போகலாம். ஒரு அட்டவணையில் ஹல் (வள்ளத்தின் உடல்), ஸ்ட்ரிங்கர் (உள்ளே நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம்), டிரான்சம் (என்ஜின் மாட்டுகிற பின்சுவர்), என்ஜின், எரிபொருள், வலை, ஐஸ், ஆட்கள், எதிர்பார்க்கிற மீன் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடை, டிரான்சத்திலிருந்து தூரம், அடித்தளத்திலிருந்து உயரம் என மூன்று எண்கள் வேண்டும். இந்த அட்டவணை இல்லாமல் வரைகிற வள்ளம் திரையில் அழகாக இருக்கும், தண்ணீரில் அமரம் (பின்முனை) புதைந்து நிற்கும்.

பட்டியல் சுமார் 2 டன் என்று வந்தால், அதைச் சுமக்கிற வடிவம் வேண்டும். நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் உள்ள நீளம்) 8 மீ, நீர்க்கோட்டு அகலம் 1.5 மீ, ஆழ்வு (தண்ணீருக்குள் இருக்கிற ஆழம்) 0.4 மீ, பிளாக் குணகம் (இந்த மூன்று அளவிலான பெட்டியில் ஹல் நிரப்புகிற பங்கு) 0.42 என்று எடுத்தால் கனஅளவு 2.02 கன மீட்டர். கடல்நீரின் அடர்த்தி 1.025 ஆகையால் 2.07 டன் தாங்கும். இந்த வடிவத்தின் நீர்க்கோட்டுப் பரப்பு ஏறக்குறைய 8.6 சதுர மீட்டர். அதாவது ஒவ்வொரு 88 கிலோவுக்கும் வள்ளம் ஒரு சென்டிமீட்டர் தாழும். 100 கிலோ ஐஸ் பெட்டியை 2 மீட்டர் பின்னால் நகர்த்தினால், அணியத்துக்கும் அமரத்துக்கும் இடையே சுமார் நாலரை சென்டிமீட்டர் சாய்வு வித்தியாசம் வரும். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் வள்ளக்காரர் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லலாம். அகலத்தைப் பற்றியும் ஒன்று: பக்கச்சாய்வுக்கு எதிரான தாங்குதிறன் அகலத்தின் மூன்றாம் அடுக்கோடு போகிறது. அகலத்தை 10 சதவீதம் கூட்டினால் அந்தத் தாங்குதிறனுக்கு அடிப்படையான, நீர்க்கோட்டுப் பரப்பின் நிலைமத் திருப்புத்திறன் 33 சதவீதம் கூடும். அதே சமயம் அலையில் வெட்டிவெட்டி ஆடும், வலை வலிக்கிறவர்களின் இடுப்பு அதைத் தாங்க வேண்டும்.

மேற்பரப்பு வரைய ஆட்டோகேட் போதாது. டெல்ஃப்ட்ஷிப்பின் இலவசப் பதிப்பு கற்றுக்கொள்ளவும் சிறு வள்ளங்களின் மிதப்பியல் கணக்குக்கும் போதும். கொட்டகைகளுக்கு முழு வரைபடம் தருகிறவர்கள் பெரும்பாலும் ரைனோ பயன்படுத்துகிறார்கள். எதில் வரைந்தாலும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். நீளவாக்கில் ஏழெட்டுப் புள்ளி போதும். புள்ளி கூடக்கூட மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் வரும். ஜெல்கோட் (வெளிப்பூச்சு) பளபளப்பில் வெயில் படும்போதுதான் அது காட்டிக்கொடுக்கும். வளைவின் அளவைச் சீப்புப் பல்போலக் கோடுகளாகக் காட்டுகிற வளைவுச் சீப்பை மென்பொருளில் போட்டுப் பாருங்கள், அது ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும்.

வடிவம் முடிந்ததும் பலர் சறுக்குகிற இடம் வருகிறது. ஃபைபர் வள்ளத்துக்கு நீங்கள் வரைந்த மேற்பரப்பு ஹல்லின் வெளிப்புறம். பிளக் (மோல்டு எடுப்பதற்கான மாதிரி வள்ளம்) செய்ய சட்டங்களை வெட்டும்போது, அதன்மேல் வரப்போகிற பலகை, ஃபைபர், புட்டி எல்லாவற்றின் கனத்தையும் உள்ளே கழிக்க வேண்டும். 6 மி.மீ. பிளைவுட்டும் அதன்மேல் 3 மி.மீ. ஃபைபர், புட்டியும் என்றால் ஒவ்வொரு சட்டத்தையும் 9 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள். கழிக்க மறந்தால் வள்ளம் 18 மி.மீ. அகலமாகும், டெக் மோல்டு அதோடு பொருந்தாது. செங்குத்துப் பக்கங்களுக்கு 3 முதல் 5 பாகை சரிவு கொடுங்கள், இல்லாவிட்டால் ஹல் மோல்டிலிருந்து கழன்று வராது. எந்த மூலையையும் 12 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். மேட் (கண்ணாடி இழைப் பாய்) அதில் படியாமல் பாலம்போல நிற்கும், அடியில் காற்று தங்கும், முதல் பருவத்திலேயே ஜெல்கோட் அங்கே உடையும்.

முட்டம் பக்கம் 1980-களிலிருந்து கட்டிய பிளைவுட் வள்ளங்களைப் போய்ப் பாருங்கள். பிளைவுட் ஒரு திசையில்தான் வளையும் என்பதால் அந்த வடிவங்கள் எல்லாமே விரித்துத் தட்டையாக்கக்கூடிய மேற்பரப்புகள். ஃபைபருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் அந்தக் கோடுகளை அளந்து கணினியில் ஏற்றிப் பார்ப்பது, நம் கரையின் அலைக்கு எது ஒத்துவந்தது என்று தெரிந்துகொள்ள நல்ல பாடம்.

வரைபடத்தில் ஸ்ட்ரிங்கர் இல்லாமல் ஹல் மட்டும் 222 கிலோ என்று இருக்கிறது. மோல்டிலிருந்து எடுத்துத் தூக்கிப் பார்த்தால் 320 கிலோ. மேட், ரோவிங் (கண்ணாடி இழை நெசவுத்துணி) அடுக்கு எதையும் கூட்டவில்லை. எல்லாவற்றுக்கும் இழை எடையைப்போல மூன்று மடங்கு ரெசின் (இழையைப் பிடித்து இறுகும் பிசின்) என்பது எங்கள் வழக்கம். எங்கே தப்பு?
– கொட்டகை உரிமையாளர், முட்டம்

அந்த வழக்கத்தில்தான் தப்பு. உங்கள் வரைபடத்தில் இருக்கிற அடுக்கையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஜெல்கோட்டுக்குப் பின் 300 கிராம் மேட் ஒன்று, 450 கிராம் மேட் நான்கு, அவற்றுக்கு இடையே 600 கிராம் ரோவிங் இரண்டு. ஒரு சதுர மீட்டருக்குக் கண்ணாடி இழை மட்டும் 3.3 கிலோ.

மேட்டில் கண்ணாடி 30 சதவீதம், ரெசின் 70 சதவீதம் வருவது நல்ல கைவேலை. அதாவது மேட் எடைக்கு 2.3 மடங்கு ரெசின். ரோவிங் நெசவு நெருக்கமானது, அதற்கு அதன் எடையைவிடக் கொஞ்சம் கூட, 1.1 மடங்கு போதும். இந்தக் கணக்கில் 300 மேட்டுக்கு 0.7 கிலோ, 450 மேட் நான்குக்கும் 4.2 கிலோ, ரோவிங் இரண்டுக்கும் 1.3 கிலோ, மொத்தம் 6.2 கிலோ ரெசின். ஒரு சதுர மீட்டர் 9.5 கிலோ, கனம் ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர். உங்கள் ஹல்லின் பரப்பு 22 சதுர மீட்டர்: கண்ணாடி 73 கிலோ, ரெசின் 136 கிலோ, ஜெல்கோட் 13 கிலோ. அதுதான் அந்த 222.

எல்லாவற்றுக்கும் மூன்று மடங்கு ஊற்றினால் ரெசின் 218 கிலோ ஆகிறது. 82 கிலோ அதிகம். மேட்டின் ஓரங்களை 5 செ.மீ. ஏற்றிப் போடுவது சரியே, ஆனால் ஒரு மீட்டர் அகல ரோலில் அது 5 சதவீதம் கூடுதல் இழை. அதற்கும் மூன்று மடங்கு ரெசின் சேர்த்தால் இன்னும் 14, 15 கிலோ. வடிவமைப்பாளர் இந்த ஏற்றலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறார், அது அவர் பக்கத்துக் குறை. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் தூக்கிப் பார்த்த எடை வந்துவிடுகிறது.

இந்த 98 கிலோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வள்ளத்தைத் தாழ்த்துகிறது, ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருளைத் தின்கிறது. வலுவும் கூடவில்லை. வலு கண்ணாடி இழையில் இருக்கிறது. அதிகமான ரெசின் ஹல்லை உடையக்கூடியதாக ஆக்குகிறது, கெட்டியாகும்போது சூடு ஏறி மோல்டிலேயே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது.

திருத்துவது கடினமில்லை. வெட்டிய இழையை அடுக்கு வாரியாக எடைபோட்டு வையுங்கள். அந்த அடுக்குக்கான ரெசினை மட்டும் வாளியில் எடைபோட்டுக் கொடுங்கள், இரண்டாவது வாளி கேட்டால் ஏன் என்று பாருங்கள். ரெசினை முதலில் மோல்டின்மேல் பூசிவிட்டு மேட்டை விரித்து, கீழிருந்து மேலே ஊறவிட்டு, பிறகு இரும்பு ரோலரால் காற்றையும் மிச்ச ரெசினையும் வெளியே தள்ளுங்கள். மேட்டை விரித்துவிட்டு மேலே ஊற்றினால் அடியில் காற்று நிற்கும், அதை நனைக்கவே ரெசின் இரட்டிப்பாகும். நான்கு மேட்டுக்கு மேல் ஒரே மூச்சில் போடாதீர்கள். இரண்டு ரோவிங்கை இடையில் மேட் இல்லாமல் அடுத்தடுத்து வைக்கவே கூடாது, அந்த இடம் பின்னாளில் தாள்தாளாகப் பிரியும்.

ஹல்லைத் தூக்கும்போது ஒரே இடத்தில் தொங்கவிடாமல் முன்னும் பின்னும் இரண்டு தராசு போடுங்கள். இரண்டு எடையிலிருந்தும் ஈர்ப்பு மையம் எங்கே என்று வடிவமைப்பாளருக்குக் கிடைத்துவிடும். அடுத்த வரைபடத்துக்கு அதைவிட உபயோகமான தகவல் வேறு இல்லை.

வெயிலில் ரெசின் வாளியிலேயே கட்டிவிடுகிறது. கேட்டலிஸ்டை (ரெசினை இறுகவைக்கிற திரவத்தை) அரை சதவீதமாகக் குறைத்தால் வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. இது சரியா?
– ஃபைபர் தொழிலாளி, கடியபட்டணம்

கூடாது. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் கட்டியதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே முழுமையாக இறுகாது. ஒரு மாதம் கழித்தும் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் வாடை அடிக்கும், பார்கால் கடினமானி 40-ஐ ஒட்டிக் காட்டாது, தண்ணீர் உறிஞ்சி ஜெல்கோட்டில் கொப்புளம் கிளம்பும். ஒரு கிலோ ரெசினுக்கு ஒரு சதவீதம் என்பது 10 கிராம், அதாவது சுமார் 9 மில்லி. மூடியால் அளக்காமல் ஊசிக்குழாயால் அளந்து ஊற்றுங்கள்.

நேரம் வேண்டுமானால் வேறு வழிகள் இருக்கின்றன. விடிகாலையில் தொடங்குங்கள். டிரம்மை நிழலில் வையுங்கள். ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், கலந்ததை அகலமான தட்டத்தில் ஊற்றுங்கள். ஆழமான வாளியில் ரெசின் தன் சூட்டிலேயே வேகமாகக் கட்டும். வாங்கும்போதே கோடைக்காலத்துக்கான, இறுகலை வேகப்படுத்துகிற கோபால்ட் குறைவான ரெசின் கேளுங்கள். ஒவ்வொரு புது டிரம்முக்கும் 100 கிராம் எடுத்துச் சோதித்துக் கட்டும் நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மழைக்காலம் இதைவிடச் சிக்கல். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பழுதுபார்க்கிற வேலை எல்லாம் அப்போதுதான் வந்து குவியும், கச்சான் (தென்மேற்குப் பருவ) மழையும் அப்போதுதான். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் மேட் போடாமல் இருப்பது நல்லது. மேட் ரோலைத் தரையில் வைக்காமல் பலகைமேல், பிளாஸ்டிக் உறையோடு வையுங்கள். ஈரம் ஏறிய மேட் நனையும்போது பால்நிறமாகத் தெரியும், அதைக் கழித்துவிடுங்கள். ஜெல்கோட் 0.5 மி.மீ. வர வேண்டும், பூச்சு ஈரமாக இருக்கும்போதே கனத்தை அளக்கிற சீப்பு விலை குறைவுதான். 0.3-க்குக் கீழே போனால் அது சரியாக இறுகாமல், அடுத்த அடுக்கின் ஸ்டைரீன் பட்டுச் சுருங்கிவிடும்.

கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க வள்ளத்தின் அடியில் தெர்மாகோல் நிரப்பலாமா? எவ்வளவு வேண்டும்?
– மீனவர், தூத்தூர்

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-ல் நம் கரைக்குக் கொடுத்த அடிக்குப் பிறகு இந்தக் கேள்வியை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். இது வடிவமைப்பின் ஒரு பகுதி, பிறகு ஒட்டவைக்கிற சாமான் இல்லை.

தெர்மாகோல் வேண்டாம். பெட்ரோலும், பாலியஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீனும் அதைக் கரைத்துவிடும். மேலே ஃபைபர் போட்டு மூடியபின் உள்ளே வெற்றிடம்தான் இருக்கும், வெளியில் தெரியவும் தெரியாது. ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள, மூடிய கண்ணறை கொண்ட பாலியுரிதேன் நுரை போடுங்கள்.

அளவை இப்படிக் கணக்கிடலாம். ஸ்ட்ரிங்கர், டெக் எல்லாம் சேர்த்து 350 கிலோ ஃபைபர் தண்ணீருக்குள் சுமார் 110 கிலோதான் இழுக்கும். 40 கிலோ என்ஜின் இரண்டையும் முழு எடையாகவே, 80 கிலோ என்று வையுங்கள். 200 கிலோ நைலான் வலை தண்ணீரில் 20 கிலோ, 30 கிலோ ஈயம் 27 கிலோ. நான்கு பேர் பிடித்துத் தொங்கினால் ஆளுக்கு 40 கிலோ, 160. மொத்தம் ஏறக்குறைய 400 கிலோ. ஆயிரம் லிட்டர் நுரை 985 கிலோ தாங்கும், ஆகவே 410 லிட்டர். காலப்போக்கில் நுரை கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சும் என்பதால் 500 லிட்டராக வையுங்கள்.

எங்கே வைப்பது என்பது அளவைவிட முக்கியம். அடித்தளத்தில் நிரப்பினால் தண்ணீர் ஏறிய வள்ளம் குப்புறப் புரண்டு, அப்படியே நிலையாக நின்றுவிடும். இரண்டு பக்க விளிம்புக்கும் கீழே, உயரத்தில், 20 செ.மீ.க்கு 25 செ.மீ. பெட்டியாக 5 மீட்டர் நீளம் ஓடவிட்டால் பக்கத்துக்கு 250 லிட்டர் வந்துவிடும். தண்ணீர் நிறைந்தாலும் வள்ளம் நேராக மிதக்கும். என்ஜின் எடைக்காக நுரையில் ஒரு பங்கைப் பின்பக்கம் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அணியம் மட்டும் மேலே நிற்கும். புதுவள்ளம் இறக்கும்போது கரையோரத்தில் அதில் தண்ணீர் நிரப்பி, என்ஜினுக்குப் பதில் அதே எடையைக் கட்டிவிட்டுப் பார்த்துவிடுங்கள். கட்டியவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என்ஜின் மாட்டுகிற டிரான்சம் இரண்டு மூன்று வருடத்தில் உள்ளே சொதசொதவென்று ஆகிவிடுகிறது. ஏன்?
– வாசகர், ராஜாக்கமங்கலம்துறை

உள்ளே இருக்கிற பிளைவுட் அழுகுகிறது. தண்ணீர் போல்ட் துளை வழியாகப் போகிறது, ஃபைபர் வழியாக அல்ல. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 18 மி.மீ. இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். மேல் விளிம்பையும் மறக்காமல் மேட்டால் மூடுங்கள். போல்ட் துளையை முதலில் பெரிதாகத் துளைத்து, இழைத்தூள் கலந்த எப்பாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. உயரத்தையும் என்ஜின் வாங்குமுன் முடிவுசெய்யுங்கள்: குட்டைத் தண்டு என்றால் 38 செ.மீ., நீளத் தண்டு என்றால் 51 செ.மீ.

பைக்குள் காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசினை இழைக்குள் இழுக்கவைக்கிற வேக்குவம் இன்ஃப்யூஷன் முறைக்கு மாறலாமா?
– கொட்டகை மேலாளர், தேங்காய்ப்பட்டணம்

ஒரே மோல்டில் தொடர்ந்து பல ஹல்கள் எடுக்கிறவர்களுக்குச் சரி. கண்ணாடி அளவு 55 சதவீதத்தைத் தாண்டும், வாடை பெருமளவு குறையும். ஆனால் பை, வலைத்துணி, குழாய் எல்லாம் ஒருமுறைதான் உதவும். ரெசினும் அதற்கென்றே மெலிதாக வருவதை வாங்க வேண்டும். வால்வை மூடிப் பத்து நிமிடம் அழுத்தமானியின் முள் நகராமல் நின்றால் மட்டும் ரெசினைத் திறங்கள். சிறு கசிவு இருந்தாலும் ஹல் முழுவதும் வீணாகும். முதலில் டெக் மூடி, பெட்டி மூடி போன்ற சிறு பாகங்களில் பழகுங்கள்.

மகன் ஃபைபர் கொட்டகையில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்கிறான்.
– ஒரு அம்மா, கோடிமுனை

போதாது அம்மா. தலைவலி ஸ்டைரீன் ஆவியால் வருகிறது. துணியும் சாதாரணத் தூசி முகமூடியும் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான குப்பி பொருத்திய முகமூடிதான் தடுக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, வள்ளத்தின் அடியில்தான் தேங்கும். குனிந்து வேலை செய்கிறவருக்குத்தான் அது அதிகம் போகும். கொட்டகையில் மேலே மாட்டிய மின்விசிறி இதற்கு உதவாது. ஹல்லின் அடியிலிருந்து குழாய் வழியாகக் காற்றை வெளியே இழுக்கிற விசிறி வேண்டும்.

அரிப்பு கண்ணாடித் தூசியால். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் நாடா, தூசி முகமூடி மூன்றும் வேண்டும். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றட்டும், துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோனால் கழுவுகிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள், அது தோலை வெடிக்கவைத்து ரெசினை உள்ளே விடும்.

இன்னும் மூன்றை அவனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கலக்கும்போது கண்ணாடி போடட்டும். பட்டுவிட்டால் உடனே பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆகவே கலக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டைரீன் ஆவி 31 டிகிரி சூட்டிலேயே தீப்பொறிக்குப் பற்றும், நம் ஊர்ப் பகல் அதைத் தாண்டுகிறது. கொட்டகைக்குள் பீடி, வெல்டிங் இரண்டும் கூடாது. ரெசின் நனைந்த துணியையும் மிச்ச ரெசினையும் குவித்து வைக்காமல், திறந்தவெளியில் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போடட்டும்.